செவலைக்கு வலி கண்ட பொங்கல்

நம்ம கம்மாய்க்குக் கல்லுமடை வைக்கிறதுக்கும் முந்தி, மேற்கே ரோடுன்னு ஒண்ணு வாரதுக்கும் முந்தி, இதே தும்பைக்குறிச்சியில மாடக்கண்ணு மாடக்கண்ணுன்னு ஒரு ஆளு இருந்தாராம். எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் முறை வேணும். கேக்குறதா இருந்தா ஒழுங்காக் கேளுங்க. நடுவுல எந்திரிச்சுக் காப்பி குடிக்கப் போறவுக இப்பவே போயிட்டு வந்துருங்க. பாதியில போயிட்டு வந்து மறுபடி மொதல்லருந்து சொல்லுன்னா என்னால ஆகாது.

அந்த மாடக்கண்ணு எப்படிப்பட்ட ஆளுன்னு கேளுங்க. நிலைப்படியில குனிஞ்சுதான் நுழைவாராம், அம்புட்டு உசரம். கையின்னா கை, அப்படி ஒரு கை. அவரு ஒரு விரலு நம்ம ரெண்டு விரலுக்குச் சமம். அறுபது எழுபது உருப்படி ஆடு வச்சு மேய்ச்சிருக்காரு. பேச்சு மட்டும் வாயில வராது. ஒரு நாளைக்கு மொத்தமே பத்து வார்த்தைதான் பேசுவாருன்னு சொல்லுவாக. அந்தப் பத்துல ஒண்ணு பொண்டாட்டி சீனியம்மாளுக்கு. மிச்சம் ஒம்பதும் நாய்க்கு.

நாய்க்குப் பேரு செவலை. செவந்த நிறம், ஒட்டுன வயிறு, நெட்டைக் காலு. ஆட்டுக்குக் காவலே அதுதான். "செவலை, தண்ணி குடிச்சியா? செவலை, முள்ளு ஏறிருச்சா? காலைக் காட்டு." இப்படியே காட்டுல இருந்து வீடு வரைக்கும் பேசிக்கிட்டு வருவாராம். சீனியம்மாளுக்கு வயிறு எரியுமாம். எரியாதா பின்னே? "காலையிலருந்து அடுப்புல கிடந்து வேகுறேன், எனக்குக் காலு இருக்கா இல்லையான்னு கேக்க நாதி இல்லை. அந்த மூதேவிக்கு முள்ளு பாக்குறீக"ன்னு சொல்லிக்கிட்டே கஞ்சிச் சட்டியை நங்குன்னு வைப்பாளாம். அவரு பதில் சொல்ல மாட்டாராம். சொல்றதுக்கு எங்க இருக்கு, அன்னைக்கு உள்ள ஒரு வார்த்தை ஏற்கனவே செலவாகிப் போயிருக்கும்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். நம்ம ஊருப் பங்குனிப் பொங்கலுக்கு வருவோம். மாரியாத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறது மாடக்கண்ணு வீட்டு உரிமை. அப்பன் எடுத்தான், அப்பனைப் பெத்தவன் எடுத்தான், இவரும் எடுக்காரு. சட்டி எடுக்கிற ஆளு எட்டு நாளைக்கு முந்தியே மணிக்கட்டுல காப்புக் கட்டணும். மஞ்சக் கயிறு, மஞ்சக் கிழங்கு, அதான் காப்பு. கட்டிட்டா கோயிலை விட்டு அசையக் கூடாது. எல்லைக் கல்லைத் தாண்டி வீட்டுப் பக்கம் போகக் கூடாது. ஒரு நேரக் கஞ்சி. பிள்ளை பிறந்த வீடு, பெரிய காரியம் நடந்த வீடு ஆகவே ஆகாது. அது மட்டுமா, பிறப்பு இறப்புச் சேதியே காதுல விழக் கூடாதுன்னு கட்டுப்பாடு. தீட்டோட சட்டியைத் தொட்டா ஆத்தா கையைச் சுட்டுருவா, முழங்கை வரைக்கும் கொப்புளம் கிளம்பிரும்னு சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அந்த வருசம் பாத்துக்கிடுங்க, செவலை தலைச்சன் சினை. வயிறு தரையைத் தொடுது. காப்புக் கட்டப் போற அன்னைக்கு மாடக்கண்ணு வாசல்ல நின்னு பொண்டாட்டியைப் பாத்து, "செவலையைப் பாத்துக்கோ"ன்னாராம். ரெண்டு வார்த்தை. சீனியம்மாளுக்கு ஆகாத கோவம். "கல்யாணமாகி நாலு வருசம் கழிச்சு ஒரு வார்த்தை கூடுதலாப் பேசுனீக, அதுவும் நாய்க்காகவா"ன்னு உள்ள போயிட்டாளாம்.

அவரு கோயில்ல கிடக்காரு. செவலை என்ன செஞ்சுச்சு? தெனமும் காலையில வயித்தைத் தூக்கிக்கிட்டு அசைஞ்சு அசைஞ்சு வந்து எல்லைக் கல்லுக்கு அந்தாண்ட படுத்துக்கிடும். இவரு இந்தாண்ட மண்டபத்துல உக்காந்திருப்பாரு. தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. அது அவரைப் பாக்கும், அவரு அதைப் பாப்பாரு. பொழுது சாய எந்திரிச்சுப் போகும். ஏழு நாளும் இதே கதைதான்.

எட்டாம் நாளு. ஊரு பூரா தோரணம். பொங்கப் பானை எல்லாம் வரிசையா ஏறியாச்சு. மேளக்காரவுக வந்தாச்சு. வெயிலு இறங்கவும் சட்டி கிளம்பணும். ரெண்டு வருசமா மழை தண்ணி கிடையாது, கம்மாயி பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு, இந்தப் பொங்கலைத்தான் சனம் நம்பிக்கிட்டு இருக்கு. மாடக்கண்ணு குளிச்சு ஈர வேட்டியோட நிக்காரு. கண்ணு எங்க போகுது? எல்லைக் கல்லுக்குப் போகுது. அங்க நாயைக் காணோம்.

காலையிலயும் காணோம், இப்பவும் காணோம். அவருக்கு விளங்கிப் போச்சு. வலி கண்டிருச்சு. ஆனா யாருகிட்டயும் கேக்கக் கூடாது.

அந்நேரம் பாத்து சீனியம்மா ஓடி வாரா. தலை அவுந்து கிடக்கு, மூச்சு வாங்குது. கல்லுக்கிட்ட வந்து டக்குன்னு நின்னுட்டா. எப்படிச் சொல்லுவா? பிறப்புச் சேதி காதுல விழக் கூடாதே. பெறகு சத்தமா, "இந்தா பாருங்க, நான் எதையும் சொல்ல வரலை. ரெண்டு வந்திருச்சு. மூணாவதுக்குப் பின்னங்காலு ரெண்டும் வெளிய நிக்கி. ரொம்ப நேரமா நிக்கி. அதுக்கு மேல நகரலை. அது எதுன்னு நான் சொல்ல மாட்டேன்"னாளாம். சொல்லிட்டு அழுதுட்டாளாம். சீனியம்மா அழுது அன்னைக்குத்தான் ஊரு பாத்துச்சு.

மாடக்கண்ணு ஒரு எட்டு எடுத்து வச்சாரு. அம்புட்டுதான், கூட்டம் பூரா மறிச்சுக்கிருச்சு. பூசாரி சங்கிலி முன்னுக்கு வந்தாரு. மாடக்கண்ணுக்கு மாமன் முறை. ஒல்லி உடம்பு, முறைன்னா முறை, மசுரளவு பிசக மாட்டாரு. "மாப்ள, எங்க போற?"

"வீட்டுக்கு மாமா."

இப்பத்தான் வந்துச்சு பஞ்சாயத்து. நாய்க்குத் தீட்டு உண்டா இல்லையா? ஒருத்தன் சொல்றான், "பசு கன்னு போட்டாத் தீட்டு இல்லை. ஆடு குட்டி போட்டாத் தீட்டு இல்லை. நாய்க்கு மட்டும் என்ன?" இன்னொருத்தன் கேக்குறான், "அது தொழுவத்துலயா போட்டுச்சு? வீட்டுக்குள்ளல்லா போட்டிருக்கு. அப்ப வீட்டுத் தீட்டு." "வீட்டுக்குள்ள எங்க?" "தானியம் கொட்டுற குலுக்கைக்குப் பின்னாடி." "குலுக்கை வீட்டுல சேத்தியா, தானியத்துல சேத்தியா?" அட கேளுங்கப்பா, அங்க ஒரு உசிரு ஊசலாடுது, இங்க குலுக்கைக்கு வழக்குப் பேசுறாக. நம்ம ஊருல அன்னைக்கும் இன்னைக்கும் கூட்டம்னா இப்படித்தான்.

பூசாரி கையை ஓங்கி எல்லாரையும் அமத்துனாரு. "இது நம்ம சொல்றதுக்கு இல்லை. ரெண்டு பூவைப் பொட்டலமா மடிச்சுப் போட்டு ஆத்தாகிட்டப் பூக் கேப்போம். வெள்ளைப் பூ வந்தாப் போகலாம், செவப்பு வந்தாப் போகக் கூடாது. நான் போயி குளிச்சிட்டு வாரேன். அதுவரைக்கும் மாப்ள இங்கன நிக்கட்டும்."

அப்பத்தான் மாடக்கண்ணு பேசுனாராம். ஊரே வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டுச்சாம்.

"மாமா, நீங்க குளிச்சு, பொட்டலம் மடிச்சு, பூக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள அது செத்துரும். எட்டு நாளா நான் ஆத்தா வாசல்ல கிடந்தேன். ஏழு நாளா அது என் வாசல்னு நெனச்சு அந்தக் கல்லுல வந்து கிடந்துச்சு. என்னை நம்பித்தானே கிடந்துச்சு. இன்னைக்கு அதுக்கு ஒண்ணுன்னா நான் போகாம இருக்க முடியாது."

"போனா உரிமை போகும் மாப்ள. உன் பேரனுக்குப் பேரன் கேப்பான், எங்க தாத்தன் எதுக்குச் சட்டியை விட்டான்னு."

"கேட்டா நாய்க்காக விட்டான்னு சொல்லுங்க."

சொல்லிட்டு நடந்துட்டாரு. யாரு கையை நீட்டி மறிக்கிறது? அந்த உடம்பை மறிக்க முடியுமா?

வீட்டுக்குள்ள குனிஞ்சு நுழையுறாரு. குலுக்கைக்குப் பின்னாடி செவலை கிடக்கு. நாக்கு வெளிய தொங்குது, இளைப்பு வாங்குது, கண்ணு சொருகுது. மடியில ரெண்டு குட்டி எலிக்குஞ்சாட்டம் முட்டிக்கிட்டுக் கிடக்கு. பின்னாடி சின்னதா ரெண்டு காலு. நாய்க்கு அடியில என்ன விரிச்சிருக்குன்னு பாத்தாரு. சீனியம்மா கூறைச்சீலை. கல்யாணத்துக்குக் கட்டுன சீலை. பொட்டியை விட்டு வெளிய எடுக்க மாட்டா, மாமியார் கேட்டுக்கூடக் காட்ட மாட்டாளாம்.

"என்னத்தப் பாக்குறீக. அதுவாத்தான் பொட்டியைக் கவுத்து இழுத்துப் போட்டுக்கிருச்சு. பிடுங்கப் போனா என் மூஞ்சியைப் பாத்துச்சு. கிடந்துட்டுப் போகுது"ன்னாளாம் சீனியம்மா.

மாடக்கண்ணு உக்காந்தாரு. ஆட்டுக்குக் குட்டி குறுக்க விழுந்தா எத்தனை தடவை எடுத்துவிட்டிருப்பாரு, அவருக்கு இது புதுசா? ஆனா விரலை வச்சுப் பாத்தாரு, போகலை. ஆட்டுக்குப் போற விரலு நாய்க்குப் போகுமா? செவலை வீல்னு கத்திருச்சு. அவரு கையை எடுத்துட்டாரு. அம்புட்டுப் பெரிய கையை வச்சுக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியலை.

"சீனி, நீதான் எடுக்கணும்"னாரு.

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"நான் சொல்றேன். விளக்கெண்ணெய் எடுத்துக் கையில நல்லாத் தடவு. சுத்தியும் விடு. அந்தக் காலைத் துணியால சுத்திப் பிடி, வழுக்கும். இழுக்காத. அது முக்குறப்ப மட்டும் கூடச் சேந்து இழு. கீழ்ப்பக்கமா, அது வயித்துப் பக்கமா. முக்கு நின்னா நீயும் நிறுத்திரு."

சொல்லிட்டு அவரு செவலை தலையை மடியில எடுத்து வச்சுக்கிட்டாரு. "ஒண்ணுமில்லடி. ஒண்ணுமில்ல. நான் வந்துட்டேன்ல. இன்னும் ஒரே ஒரு தடவை. என் ராசாத்தில்ல." வார்த்தைக் கணக்கெல்லாம் அன்னைக்குப் போயே போச்சு. நாயி முக்குச்சு. சீனியம்மா இழுத்தா. நாயிக்கு வலி பொறுக்கலை, வாய்க்கு வாகா எது இருந்துச்சு? அவரு வலது கை இருந்துச்சு. கட்டைவிரலுக்குக் கீழ கறுக்குன்னு கவ்விக்கிருச்சு. பல்லு உள்ள இறங்கிருச்சு. ரத்தம் வடியுது. அவரு கையை உருவணுமே? உருவலை. "கடிச்சுக்கோ. நல்லாக் கடிச்சுக்கோ. விட்டுறாத"ன்னு அப்படியே வச்சுக்கிட்டு இருந்தாராம்.

மூணாவது முக்குல இடுப்பு வந்துச்சு. நாலாவது முக்குல தலையும் சேந்து வழுக்கிக்கிட்டு சீனியம்மா கையில விழுந்துச்சு குட்டி. விழுந்தது அசையலை. நீலம் பாஞ்சு கிடக்கு. "செத்தே பிறந்திருச்சே"ன்னு அவருகிட்ட நீட்டுனா. அவரு வாங்குனாரு. சுண்டுவிரலால வாயில இருந்த கோழையை வழிச்சாரு. மூக்குல மெல்ல ஊதுனாரு. "முதுகைத் தேயி"ன்னாரு. அவ கூறைச்சீலை முந்தியை எடுத்துத் தேச்சா தேச்சா, அப்படித் தேச்சாளாம். ஒண்ணுமில்லை. மறுபடி ஊதுனாரு, மறுபடி தேச்சா. பெறகு அந்தக் குட்டி வாயைத் திறந்து, ஈன்னு ஒரு சத்தம். கொசு பறக்குற அளவுக்குத்தான் சத்தம். சீனியம்மா அதைத் தூக்கித் தன் கன்னத்துல வச்சுக்கிட்டாளாம். ஆமா, மூதேவின்னு திட்டுன அதே சீனியம்மாதான். அதுக்குப் பெறகு ரெண்டு குட்டி தானா விழுந்துச்சு. மொத்தம் அஞ்சு.

இங்க இப்படி. கோயில்ல என்னாச்சு? வெயிலு இறங்கிருச்சு, சட்டியில நெருப்பு வளத்தாச்சு, வளத்த சட்டியை எடுத்தே ஆகணும். காப்புக் கட்டுன கை வேற யாருது இருக்கு? பூசாரி கை ஒண்ணுதான். பூக் கேக்கவும் நேரமில்லை. சங்கிலிப் பூசாரி வேப்பிலையைக் கையில பரப்பிச் சட்டியைத் தூக்கிட்டாரு. மணி ஆட்டுன கை அது, சட்டி தாங்குன கையா? ஊரைச் சுத்தி மூணு தெரு. நடுவுல சட்டி தரையில படக் கூடாது. பட்டுச்சுன்னா ஒரு வருசத்துக்கு ஊருல கல்யாணம் காச்சி எதுவும் கிடையாது, ஆத்தா கோவிச்சுக்கிட்டான்னு அர்த்தம்.

மொதத் தெரு போனாரு. ரெண்டாந்தெருவுல வேப்பிலை பொசுங்கிப் போச்சு. மூணாந்தெரு மாடக்கண்ணு தெரு. பூசாரிக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது, மேளக்காரவுக கொட்டுறதை விட்டுட்டு அவரையே பாக்குறாக. பொம்பளைக குலவை பாதியில நின்னு போச்சு. சரியா மாடக்கண்ணு வாசலுக்கு வாரப்ப அவரு காலு மடங்கிருச்சு.

மேளச் சத்தம் நின்னு போகவும் மாடக்கண்ணு வெளிய வந்தாரு. ரெண்டு கையிலயும் எண்ணெய், ரத்தம், பிரசவத்துத் தண்ணி. மணிக்கட்டுல காப்பு நனைஞ்சு தொங்குது.

"மாப்ள, பிடி"ன்னாரு பூசாரி.

"மாமா, கை பூரா தீட்டு."

"தொடாத, தொடாத, கை வெந்துரும்"னு கூட்டத்துல நாலஞ்சு பேரு.

பூசாரி அவுகளைத் திரும்பிக்கூடப் பாக்கலை. "எனக்கு முறை சொல்லித்தர இப்ப யாரும் வேண்டாம். இது கீழ விழப் போகுது. உன்னை விட்டா எடுக்க ஆளில்லை மாப்ள. பிடி." முறை பிசகாத மனுசன் சொல்றாரு.

மாடக்கண்ணு ரெண்டு கையையும் நீட்டி வாங்கிட்டாரு. கையில வேப்பிலை கிடையாது. வெறுங்கை. நெருப்பு எரியுற சட்டி. அந்தத் தெரு பூரா நடந்து, மந்தையைச் சுத்தி, எல்லைக் கல்லைத் தாண்டி, கோயில் வாசல்ல ஆத்தா முன்னால கொண்டு போயி இறக்கி வச்சாரு. ஒரு பொட்டு நெருப்புச் சிந்தலை.

வச்ச உடனே கூட்டம் நெருக்கிக்கிட்டு வருது, கையைப் பாக்க. பூசாரி எல்லாரையும் தள்ளிட்டு வந்தாரு. அவரு ரெண்டு கையிலயும் கொப்புளம். அந்தக் கையாலயே மாடக்கண்ணு கையைப் பிடிச்சுத் திருப்புனாரு. ஒரே கரி, ரத்தம். தன் துண்டைத் தண்ணியில நனைச்சுத் துடைச்சாரு. இடது கை, ஒண்ணுமில்லை. வலது கையைத் துடைச்சாரு. கொப்புளம் இல்லை, ஒரு செவப்புக்கூட இல்லை. கட்டைவிரலுக்குக் கீழ மட்டும் வரிசையா நாலு ஓட்டை.

"இது என்ன மாப்ள?"

"வலியில கடிச்சிருச்சு மாமா. பாவம், அதுக்கு என்ன தெரியும்."

பூசாரி ஆத்தா மேல இருந்த மஞ்சளை எடுத்துக் குழைச்சு அந்த நாலு பல்லுத் தடத்துல அப்புனாரு. கூட்டத்தைப் பாத்துச் சொன்னாரு: "ஆத்தா சுடலை. நாய்தான் கடிச்சிருக்கு. சட்டி இவன் வீட்டுலயே இருக்கட்டும்."

சீனியம்மா மட்டும் பின்னாடி நின்னு, "பச்சை உடம்புக்காரி பசியோட கிடக்கா, இவுக இங்க கையைப் பாத்துக்கிட்டு நிக்காக"ன்னு முணுமுணுத்தாளாம். அது பூசாரி காதுல விழுந்திருச்சு. மொதப் பானைப் பொங்கலை இறக்கி, மொத அகப்பையைக் கஞ்சியாக் கரைச்சு, கருப்பட்டி தட்டிப் போட்டு, கொப்புளக் கையோட அவரே தூக்கிக்கிட்டுப் போயி குலுக்கைக்குப் பின்னாடி வச்சாரு. செவலை எந்திரிக்காமப் படுத்துக்கிட்டே நக்கி நக்கிக் குடிச்சுச்சாம். சீனியம்மா கிண்ணத்தைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு இருந்தாளாம்.

மழை பெஞ்சுச்சான்னு கேப்பீக. தெரியும் எனக்கு. பெய்யலை. அந்த வருசமும் பெய்யலை, மறு வருசம் ஐப்பசியிலதான் பெஞ்சுச்சு. நாய் குட்டி போட்டதுக்கும் மழைக்கும் என்ன இருக்கு? சில பேரு அன்னைக்கே கொட்டுச்சும்பாக. அது புளுகு.

ஆனா ஒண்ணு. அந்த வருசத்துல இருந்து நம்ம ஊருல காப்புக் கட்டுறப்ப பூசாரி கூட்டத்தைப் பாத்து மொதல்ல கேக்குறது, "ஊருல சினைநாய் உண்டா?"ங்கிறதுதான். உண்டுன்னா அது கழுத்துலயும் ஒரு மஞ்சக் கயிறு கட்டிருவாக, அதுவும் ஆத்தாளுக்குக் காப்புக் கட்டுன கணக்கு. அப்பத் தீட்டுன்னு எவனும் வாயைத் திறக்க முடியாதுல்ல. குட்டி போட்ட வீடு வந்துச்சுன்னா மேளத்தை அமத்திருவாக. சட்டி வாசல்ல நிக்கும். உள்ள எட்டிப் பாத்து, தாயும் குட்டியும் சொகமான்னு கேட்டுட்டுத்தான் சட்டி நகரும். நீங்க வேற ஊர்ல போயிச் சொன்னாச் சிரிப்பாக. சிரிச்சுட்டுப் போகட்டும்.

கூட்டிச் சொல்லியிருந்தா அது என் வாய்க்கொழுப்பு, குறைச்சுச் சொல்லியிருந்தா எனக்குச் சொன்னவுக மறதி. கதை அம்புட்டுதான். நாளைக்குச் சட்டி நம்ம வாசல்ல நிக்கும். வெளியூர்ல இருந்து வந்த விருந்தாளிகன்னு சொல்லிக்கிட்டு கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு முன்னாடி போயி நிக்காதீக. மொத அகப்பைக் கஞ்சி உங்களுக்கு இல்லை. உள்ள கட்டிலுக்கு அடியில நாலு குட்டியோட படுத்திருக்காளே, அவளுக்கு.